பயணம் முடிந்துவிட்டது, வீடு வந்து சேரவில்லை

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பல வருடக் கனவாக இருந்த மோட்டார் சைக்கிள் பயணத்தை, சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, அண்மையில் முடித்தேன். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்ப இரண்டரை மாதம் ஆயிற்று. முழுக்கத் தனியாகவே போனேன். விபத்து இல்லை, பெரிய பழுதும் இல்லை. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான்கைந்து நாளில் எதுவும் ஒட்டாமல் போய்விட்டது. விடியற்காலை நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இரவில் வீடு அடங்கினால் அந்த அமைதியே காதுக்குள் இரைகிறது. அலுவலகக் கூட்டங்களில் பாதியில் எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. "எப்படி இருந்தது?" என்று கேட்பவர்களிடம் சொல்லத் தொடங்கினால், இரண்டு நிமிடத்தில் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. மனைவி எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறாள். குழாய்ப் பழுது, மகளின் பள்ளிக் கட்டணம் என்று எதற்கும் என்னைக் கேட்பதில்லை. ஏன் என்றால், "பழகிவிட்டது" என்கிறாள். ஆறு வயது மகளோடு விளையாடும்போது மட்டும் நான் நானாக இருக்கிறேன். வண்டியை இன்னும் கழுவவில்லை. இரவில் கீழே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வலது கைச் சுண்டுவிரல் மரத்தே கிடக்கிறது.

இது மனச்சோர்வு நோயா? வேலையை விட்டுவிட்டு மறுபடி கிளம்பிவிடலாம் என்று தோன்றுகிறது. ராஜினாமாக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அந்த ராஜினாமாக் கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். கிழிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் காதையும் சுண்டுவிரலையும் பற்றிப் பேசியாக வேண்டும். நான் மனநல ஆலோசகர்தான். ஆனால் உடலில் நடப்பதையெல்லாம் மனதின் கணக்கில் எழுதிவிடுவதால் வரும் துன்பத்தை ஆலோசனை அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இரவின் அமைதி காதுக்குள் இரைவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் மனதின் தவிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது காதின் தவிப்பாகவே படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் பல நேரங்களில் 100 டெசிபலை எட்டிவிடுகிறது. எஞ்சின் சத்தத்தைவிடக் காற்றின் சத்தம்தான் அதில் பெரும் பங்கு. நல்ல ஹெல்மெட் தலையைக் காக்கும். இந்த இரைச்சலை முழுதாகத் தடுக்காது. வேலையிடங்களில் 85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. நீங்களோ இரண்டரை மாதம் பகல் பொழுதையெல்லாம் அந்தக் காற்றுக்குள் கழித்திருக்கிறீர்கள். காதடைப்பான் போட்டுக்கொண்டு ஓட்டினீர்களா என்று எழுதவில்லை. பெரும்பாலோர் போடுவதில்லை.

காதிரைச்சல் பகலில் மற்ற ஓசைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். வீடு அடங்கியதும் தலைகாட்டும். தூக்கம் பிடிக்காது. தூங்காதவனுக்கு மறுநாள் யார் பேசினாலும் எரிச்சல் வரும். எரிச்சலோடு உட்கார்ந்து யோசித்தால், "இந்த வீடு எனக்கு ஒத்துவரவில்லை" என்ற முடிவுக்குத்தான் வர முடியும். உங்கள் தவிப்பு முழுவதுக்கும் காதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது என்றால், அதை வீட்டின் மேல் சுமத்துவது நியாயமில்லை அல்லவா? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை, படுக்கும்போது மின்விசிறியின் ஓசையோ மெல்லிய இசையோ அறையில் இருக்கட்டும். முழு அமைதி இப்போது உங்களுக்கு உதவாது.

சுண்டுவிரலுக்கும் அதையொட்டிய பாதி மோதிரவிரலுக்கும் உணர்வு தருவது அல்னார் நரம்பு. ஹேண்டில்பாரை மணிக்கணக்கில் அழுத்திப் பிடிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில், அது நசுங்குகிறது. வண்டியின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும். ஆனால் வீடு வந்து மூன்று வாரமாகியும் மரத்தே இருப்பதால் இனிமேலும் காத்திருக்க வேண்டாம். சட்டைப் பொத்தான் போடுவதிலோ பாட்டில் மூடியைத் திறப்பதிலோ அந்தக் கை வலுவிழந்ததாகத் தெரிந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். முழங்கையிலும் இதே நரம்பு நசுங்கலாம். எங்கே என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனச்சோர்வு நோய் என்று சொல்வதற்கு, குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடக்க வேண்டும். அல்லது எதிலும் நாட்டமே இல்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் பலவும் சரிந்திருக்க வேண்டும். விடியற்காலை விழிப்பு அதன் அறிகுறிகளில் ஒன்றுதான். ஆனால் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் வெளிச்சம் வருமுன் எழுந்து கிளம்பிப் பழகியவர்கள். உங்கள் உடல் இன்னும் அந்த அட்டவணையிலேயே இருக்கலாம். விழித்தவுடன் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்த நேரம்தான் நாளிலேயே மிகக் கனமான நேரம், எழுந்து உட்காரவே மனமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எழுந்து எங்காவது போகத் துடிக்கிறது, போக இடமில்லை என்றால் அது வேறு. மகளோடு விளையாடும்போது நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள் என்ற வரி எனக்குத் தெம்பு தருகிறது. இன்பம் காணும் திறன் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: வாழ்ந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், இந்தப் பதிலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீடு திரும்பியபின் வரும் சரிவு புதிய செய்தி அல்ல. நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்த் திரும்பிய தம் நாட்டவர்களிடம் பேசி, அந்நிய ஊரில் மனம் முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மீண்டும் எழுகிறது என்று 1955-இல் எழுதினார். 1963-இல் கல்லாஹார்ன் தம்பதியர் அதை இன்னும் நீட்டினார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியபின் அதே சரிவும் எழுச்சியும் இன்னொரு முறை நடக்கிறது என்றார்கள். முதல் சரிவுக்கு எல்லோரும் தயாராக இருக்கிறோம். புது இடம், கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நமக்கே தெரியும். இரண்டாவதற்கு யாரும் தயாராக இருப்பதில்லை. வீட்டில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டே வந்து இறங்குகிறோம். எல்லோருக்கும் இந்த வரிசைப்படியே நடக்கும் என்பதில்லை. ஆனால் நான்காவது ஐந்தாவது நாளில் தொடங்கிய உங்கள் சரிவு, ஏதோ உங்களுக்கு மட்டும் வந்த விபரீதம் இல்லை.

உங்களுக்கு எது குறைகிறது என்று யோசித்துப் பார்த்தேன். சாலையா, மலையா, வேகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயணத்தில் ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தீர்களா இல்லையா என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. பசித்தால் சாப்பிட்டீர்கள், மழை வந்தால் ஒதுங்கினீர்கள். எடுத்த முடிவு சரியா தவறா என்பது அடுத்த வளைவிலேயே தெரிந்தது. வழியில் உதவியவர்களோடு கணக்கு வழக்கு எதுவும் மிஞ்சவில்லை. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள். வீட்டில் எந்த வேலையும் மாலைக்குள் முடிவதில்லை. அலுவலகத்தில் இன்று எடுத்த முடிவு ஆறு மாதம் கழித்து வேறொருவர் மேசையில் விளைகிறது. உறவுகளில் நன்றி சொல்லிவிட்டு நகர முடியாது. நீங்கள் ஏங்குவது அந்த ஒற்றை வேலைக்கும், உடனே கிடைத்த பதிலுக்கும்தான். இந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்காக வேலையை விட வேண்டியதில்லை. நாலரை மணிக்கு விழிப்பு வருகிறது அல்லவா, அதோடு சண்டை போடாதீர்கள். எழுந்து வெளியே நடங்கள். விடியும் வெளிச்சம் கண்ணில் படட்டும். உடலின் கடிகாரத்தைச் சீராக்குவதில் அதற்குப் பங்குண்டு. ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நேரமாக அது இருக்கட்டும். இரவு படுக்கும் நேரத்தை அதற்கேற்ப முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்ற உங்கள் குறைக்கு உளவியலில் நேரடியான பதிலே இருக்கிறது. கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமத்தி வில்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான்கு நான்கு பேராக ஆட்களைக் கூட்டி, ஒருவருக்கு மட்டும் மிக நல்ல காணொளியைக் காட்டினார்கள். மற்ற மூவருக்கும் சுமாரான ஒன்று. பிறகு நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். நல்லதைப் பார்த்தவர்தான் பேச்சில் தாம் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தார். சுமாரானதைப் பார்த்த மூவருக்கும் பேசுவதற்குப் பொதுவாக ஒன்று இருந்தது, அவருக்கு இல்லை. 2017-இல் அதே மூவர் இன்னொன்றையும் காட்டினார்கள். சொல்பவர்கள், கேட்பவருக்குத் தெரியாத கதைதான் சுவைக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்பவர்களோ தங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயத்தைப் பற்றிய கதையைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள்.

ஆகவே உங்கள் நண்பர்கள் பொறாமைக்காரர்களோ கல்நெஞ்சர்களோ அல்ல. பனி மூடிய கணவாயைப் பற்றி நீங்கள் சொல்லும்போது அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வழி தவறியது, நனைந்த காலுறையோடு படுத்தது, பேச ஆளில்லாமல் வண்டியோடு பேசியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கதை. மீதியை எழுதி வையுங்கள். நினைவு மங்கத் தொடங்குமுன், புகைப்படத்தில் இல்லாதவற்றை முதலில் எழுதுங்கள். மகளுக்கு ஒரு வரைபடம் வாங்கிக் கொடுத்து, இரவுக்கு ஓர் ஊராகச் சொல்லுங்கள். அவளைவிட நல்ல செவி உங்களுக்குக் கிடைக்காது.

1916-இல் அகஸ்டா, அடலைன் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். பல இடங்களில் சாலை என்று சொல்ல எதுவும் இல்லாத காலம். அவர்கள் சாதித்ததைப் பற்றி எழுதிய முன்னணி மோட்டார் சைக்கிள் இதழ் ஒன்று வண்டியைப் புகழ்ந்துவிட்டு, அவர்கள் பயணத்தை விடுமுறை உலா என்றது. இராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் வண்டியோட்டியாகச் சேர அடலைன் விண்ணப்பித்தபோது, பெண் என்று மறுத்துவிட்டார்கள். அவர் சட்டம் படித்தார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஊர் அங்கீகரித்த பிறகுதான் அடுத்த வேலை என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் பயணமும் மற்றவர்கள் கைதட்டினால்தான் நடந்ததாக ஆகும் என்பதில்லை.

இப்போது உங்கள் மனைவி. இதை எழுதத்தான் இந்தப் பதிலையே தொடங்கினேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் இரண்டரை மாதம் அதில் இருக்கிறது. அவருடைய இரண்டரை மாதம் எங்குமே இல்லை. குழாய் பழுதானபோது என்ன செய்தார், யாரை அழைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவு ஏதாவது இருந்ததா, கைப்பேசியில் நீங்கள் கிடைக்காத நாட்களில் அவர் எதையெல்லாம் நினைத்துப் பயந்தார்? கேட்டிருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். நீங்கள் தனியாகப் போனீர்கள் என்று ஊர் பாராட்டுகிறது. அவரும் தனியாகத்தான் இருந்தார். அவருக்கு யாரும் மாலை போடவில்லை.

அவர் உங்களைக் கேட்காமல் முடிவெடுப்பதை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்கிறீர்கள். மாலுமிகள், படைவீரர்கள் போன்றவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒருவர் கிளம்பிப் போவதைவிடத் திரும்பி வருவதுதான் வீட்டுக்குச் சிக்கல். போனவரின் வேலைகளை இருப்பவர் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார். முதலில் கனக்கிறது, பிறகு கைவருகிறது, பிறகு அதில் ஒரு பெருமிதமும் வருகிறது. அந்த நேரத்தில் திரும்பி வந்தவர், எதுவும் நடக்காததுபோலப் பழைய நாற்காலியைக் கேட்கிறார். மனைவிக்கு ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி: நல்லபடியாக வந்து சேர்ந்தாரே என்ற நிம்மதி, நான் கட்டி நிறுத்தியதை இவர் கலைக்கப் போகிறாரே என்ற எரிச்சல். இரண்டுமே உண்மை. வந்தவர் முகம் தொங்கி, இரவில் வண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது: இவருக்கு இங்கே இருக்க விருப்பமில்லையோ என்ற அச்சம். நீங்கள் கீழே இருக்கும் அந்த நேரத்தில் அவர் மேலே விழித்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைச் செய்து பாருங்கள். குழந்தை தூங்கியபின், நீங்கள் கிளம்பிய தேதியிலிருந்து நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். ஒவ்வொரு வாரமாகப் புரட்டுங்கள். அந்த வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது உங்கள் கதையை நடுவில் நுழைக்காதீர்கள். அவர் கோபப்பட்டால் விளக்கம் சொல்லாதீர்கள். ஒரே இரவில் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. சில பெண்கள் முதலில், "என்ன, ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். அப்போது நாட்காட்டியை மூடிவிட்டு மறுநாள் மீண்டும் கேளுங்கள்.

பழைய பொறுப்புகளைத் திருப்பிக் கேட்காதீர்கள். "இதில் எதை உன் தலையிலிருந்து இறக்கிவிட ஆசை?" என்று கேளுங்கள். அவர் இறக்கி வைப்பது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலையாகத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, நினைவூட்டத் தேவையில்லாமல், மாதக்கணக்கில் செய்யுங்கள். வீட்டில் உங்கள் இடம் அப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

வண்டியைக் கழுவாமல் வைத்திருப்பது எனக்குப் புரிகிறது. அந்தப் புழுதி போனால் பயணமும் போய்விடும் என்று தோன்றுகிறது. ஆனால் அதே வண்டியில்தானே தினமும் வேலைக்குப் போகிறீர்கள்? நீண்ட பயணத்தின் அதிர்வில் நட்டுகள் தளர்ந்திருக்கும். செயின் தொய்ந்திருக்கும், பிரேக் பேடுகள் தேய்ந்திருக்கும். பின் டயரின் நடுப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டயர் நடுவில் தட்டையாகிவிடும். இரு பக்கமும் விளிம்பு கட்டிக்கொள்ளும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. தெருமுனையில் சாய்த்துத் திருப்பும்போது வண்டி முரண்டு பிடிக்கும், பிறகு சட்டென்று சரியும். பழகிய தெருதானே என்று கவனமும் தளர்ந்திருக்கும் நேரத்தில் இது ஆபத்து. இந்த ஞாயிற்றுக்கிழமையே கழுவுங்கள். மகள் கையில் ஒரு துணியைக் கொடுங்கள். கழுவும்போதுதான் எண்ணெய்க் கசிவும் விரிசலும் கண்ணில் படும். பிறகு மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கடைசியாக ராஜினாமா. 1968-இல் தனியாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டி நடந்தது. அதில் பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக்காரர் வெற்றி வாய்ப்போடு வந்துகொண்டிருந்தார். 1969-இல் அவர் கரைக்குத் திரும்பாமல் படகை மறுபடியும் கிழக்கே திருப்பி, தாஹித்தித் தீவுக்குப் போய்விட்டார். சாகச உலகம் இன்றும் அவரைக் கொண்டாடுகிறது. நான் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அவர் வருகைக்காகக் காத்திருந்த மனைவியை நினைத்துக்கொள்கிறேன். முவாத்தெசியே செய்தது தவறென்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முடிவின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

உங்களுக்கு வேலை பிடிக்காமலே இருந்திருக்கலாம். பயணம் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கலாம். அப்படியென்றால் மூன்று மாதம் கழித்தும் அந்த எண்ணம் இருக்கும். காது பரிசோதிக்கப்பட்டு, தூக்கம் சீராகி, மனைவியோடு அந்த நாட்காட்டியை முடித்தபின், இருவரும் சேர்ந்து கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அப்போதும் கொடுக்கத் தோன்றினால், வேறு வேலை, கையிருப்பு, குழந்தையின் படிப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள். தப்பித்துப் போவதற்காகக் கொடுக்காதீர்கள்.

மறுபடி பயணம் போவது பற்றி நான் தடை சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது உங்கள் மனைவி. எங்கே, யாரோடு, அல்லது தனியாகவா என்பதெல்லாம் அவர் விருப்பம். ஒரு வாரமாவது போகட்டும். அந்த வாரத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளையும் வீட்டையும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கக் கூடாது. செலவுக்கான பணத்தை இந்த மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். தேதியை அவரே குறிக்கட்டும்.